வாஷிங்டன் என்ற குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்களில் பல ஊர்ப் பெயர்கள். அவற்றில் உலகம் முழுக்கத் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, அது எந்த மண்ணில் தோன்றியது, எப்படிப் பரவியது, அந்தப் பெயருள்ள ஒருவர் தன் மூதாதையரைத் தேடினால் எங்கே தடுக்கி விழுவார் என்பதைக் கேள்வி பதிலாகத் தந்திருக்கிறோம்.

வாஷிங்டன் முதலில் ஆளின் பெயரா, ஊரின் பெயரா?

ஊரின் பெயர். அமெரிக்கத் தலைநகரைச் சொல்லவில்லை. வடகிழக்கு இங்கிலாந்தில் வியர் ஆற்றின் வடபுறம் உள்ள வாஷிங்டன்தான் மூலம். 1974 வரை அது டர்ஹம் கவுண்டியில் இருந்தது. இப்போது டைன் அண்ட் வியர் பகுதியில் சண்டர்லாந்து மாநகர எல்லைக்குள் வருகிறது. அந்த ஊரை வைத்திருந்த நிலக்கிழார் குடும்பம் ஊரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. அந்தக் குடும்பத்தின் ஒரு கிளை வர்ஜீனியாவுக்குப் போய், அதில் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டனின் பெயரை 1791-இல் புதிய தலைநகருக்கு வைத்தார்கள். ஊர் ஆளுக்குப் பெயர் கொடுத்து அறுநூறு ஆண்டுகள் ஆனபின், ஆள் இன்னொரு ஊருக்குப் பெயர் கொடுத்தார்.

பெயரின் பொருள் என்ன? துணி துவைக்கிற ஊர் என்கிறார்களே?

துவைப்பதற்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பழைய ஆங்கிலத்தில் இது மூன்று துண்டு. 'வாஸ்ஸா' என்பது ஒரு ஆணின் பெயர். 'இங்' என்பது அவரோடு தொடர்புடையது என்று காட்டும் இடைச்சொல். 'தூன்' என்றால் பண்ணை, குடியிருப்பு. சேர்த்துப் படித்தால் 'வாஸ்ஸாவின் பண்ணை'. லண்டனின் பேடிங்டனும் 'படா' என்பவர் பெயரால் இப்படித்தான் அமைந்தது.

ஒரு ஊர்ப் பெயருக்குப் பொருள் காண இன்றைய எழுத்துக்கூட்டலைப் பார்க்கக் கூடாது. கிடைப்பதிலேயே பழைய வடிவத்தைப் பார்க்க வேண்டும். லண்டனின் இஸ்லிங்டனைக் கேட்டால் பேடிங்டனின் உடன்பிறப்பு போல ஒலிக்கும். பழைய வடிவமோ 'கிஸ்லந்தூனே', 'கிஸ்லாவின் குன்று' என்று பொருள். பண்ணையும் கிடையாது, 'இங்'கும் கிடையாது. இன்றைய ஒலியை வைத்துச் சொல்லும் விளக்கங்களில் பல இப்படித்தான் கவிழ்கின்றன.

ஊர்ப் பெயர் எப்போது குடும்பத்துக்கு வந்தது?

12-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். டர்ஹம் பிஷப் ஹியூ டி புய்சே தன் நிலங்களில் இருந்து வரவேண்டியதை எல்லாம் 1183-இல் கணக்கெடுக்க வைத்தார். 'போல்டன் ஏடு' என்று அதற்குப் பெயர். மூல ஏடு இப்போது இல்லை, பிற்காலப் படிகளே மிஞ்சியிருக்கின்றன. அதில் வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்பவர் ஹெர்ட்பர்ன் ஊரை பிஷப்பிடம் விட்டுக்கொடுத்து, அதற்கு மாற்றாக வாஷிங்டனை வைத்திருக்கிறார் என்று பதிவு இருக்கிறது. தேவாலயமும் அதன் நிலமும் மட்டும் இந்த மாற்றில் சேரவில்லை.

அவர் கொடுக்க வேண்டியதும் எழுதப்பட்டிருக்கிறது: 4 பவுண்டு, பிஷப்பின் பெருவேட்டைக்கு 4 வேட்டை நாய்களோடு வரவேண்டும், பொது வரி விதித்தால் அதிகபட்சம் 1 மார்க், அதாவது 13 ஷில்லிங் 4 பென்ஸ்.

ஊர் மாறியதும் வில்லியமின் பெயரும் மாறியது. ஹெர்ட்பர்ன்காரர் 'டி வெஸிங்டன்' ஆனார். வெஸிங்டன் என்பது வாஷிங்டனின் பழைய வடிவம். அந்தக் காலத்தில் பெயர் ரத்தத்தோடு ஒட்டியிருக்கவில்லை, நிலத்தோடு ஒட்டியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நம்மூரில் அரியக்குடி, செம்மங்குடி என்று சேர்ப்பதைப் போன்றதா?

தொடக்கத்தில் அதேதான். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், செம்மங்குடி சீனிவாச ஐயர் என்று சொல்லும்போது ஊர் ஓர் அடையாளம். இங்கிலாந்திலும் 'இந்த ஊர்க்காரர் ஜான்' என்றுதான் தொடங்கியது. அங்கே அது மகனுக்கும் பேரனுக்கும் அப்படியே இறங்கிக் கெட்டிப்பட்டுவிட்டது. மகன் வேறு ஊரில் பிறந்தாலும் பெயர் மாறவில்லை.

ஊர்ப் பெயரைச் சூடியவர்களில் இரு வகை உண்டு. ஊரை உடைமையாக வைத்திருந்தவர் அங்கே குடியிருந்தபடியே அதன் பெயரை எடுத்துக்கொண்டார். எளிய மக்களுக்கு ஊரைவிட்டு வெளியேறிய பிறகுதான் அந்தப் பெயர் ஒட்டியது. வாஷிங்டனிலேயே இருக்கும் உழவரை 'வாஷிங்டன் ஜான்' என்று கூப்பிட்டு என்ன பயன்? அங்கே எல்லோரும் வாஷிங்டன்காரர்கள்தானே. அவர் யார்க்குக்கோ நியூகாசிலுக்கோ பிழைக்கப் போனால், போன இடத்தில் அப்படிக் கூப்பிடுவார்கள். ஆகவே ஒரே ஊரிலிருந்து ஒருவருக்கொருவர் உறவே இல்லாத பல குடும்பங்கள் ஒரே பெயரோடு கிளம்பியிருக்கலாம்.

'டி' எங்கே போனது?

'டி' என்பது லத்தீனிலும் பிரெஞ்சிலும் 'இன்ன ஊரைச் சேர்ந்த' என்று பொருள்படும் சொல். எழுத்தர்கள் அந்த மொழிகளில் எழுதினார்கள், ஆகவே அது பெயரின் முன்னால் வந்தது. ஆங்கிலம் ஆவணமொழியாக வளர வளர, 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் அது உதிர்ந்தது. தேடும்போது 'டி' இருந்தால் பிரபு, இல்லாவிட்டால் ஏழை என்று கணக்குப் போடாதீர்கள். ஒரே ஆள் ஒரு ஆவணத்தில் 'டி'யோடும் அடுத்ததில் 'டி' இல்லாமலும் வருவார்.

டர்ஹமிலிருந்து அமெரிக்கா வரை வந்த வழி என்ன?

மூத்த கிளை ஊரிலேயே இருந்து, 1400-ஐ ஒட்டி ஆண் வாரிசு இல்லாமல் நின்றது. நிலம் மகள் வழியே டெம்பெஸ்ட் குடும்பத்துக்குப் போய்விட்டது. வாஷிங்டன் ஊரில் வாஷிங்டன் குடும்பம் இல்லாமல் போனது அப்போதுதான். அதே பெயருடைய ஜான் வெஸிங்டன் 1416 முதல் 1446 வரை டர்ஹம் துறவு மடத்தின் தலைவராக இருந்தார்.

பெயரைக் காப்பாற்றியது இளைய கிளை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ராபர்ட் என்பவர் ஸ்டிரிக்லாந்து குடும்பத்துப் பெண் ஜோனை மணந்தார். குடும்பம் மேற்கே நகர்ந்து லங்காஷயரின் வார்டன், கார்ன்ஃபோர்த் பக்கம் வேரூன்றியது. அங்கிருந்து ஒரு லாரன்ஸ் வாஷிங்டன் தெற்கே நார்தாம்ப்டனுக்கு வந்து கம்பளி வணிகத்தில் செழித்து, 1532-இலும் 1545-இலும் அந்நகரின் மேயரானார். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்து அவற்றின் நிலத்தை விற்றபோது, 1539-இல் சல்கிரேவ் பண்ணையை அரசிடமிருந்து வாங்கி வீடு கட்டினார்.

அவருடைய கொள்ளுப்பேரன் பாதிரியார் லாரன்ஸ் வாஷிங்டன். ஆக்ஸ்ஃபோர்டின் பிரேஸ்நோஸ் கல்லூரியில் இருந்தவர், 1633-இல் எசெக்ஸின் பர்லி ஊர்த் தேவாலயத்துக்குப் பொறுப்பேற்றவர். உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் சாய்ந்தார் என்பதால் நாடாளுமன்றத்தார் 1643-இல் அவரை நீக்கினார்கள். மதுக்கடையிலேயே கிடக்கிறார் என்பது வெளியே சொன்ன குற்றச்சாட்டு. குடும்பம் வறுமையில் விழுந்தது. அவர் மகன் ஜான் புகையிலை வணிகக் கப்பலில் உதவி அதிகாரியாக ஏறி 1657 தொடக்கத்தில் வர்ஜீனியா சேர்ந்தார். திரும்பும் பயணத்துக்குள் கப்பல் போட்டோமாக் ஆற்றில் தரைதட்டியது. ஜான் அங்கேயே தங்கி, ஆன் போப் என்ற பெண்ணை மணந்தார். மாமனார் 700 ஏக்கர் கொடுத்தார். ஜானின் மகன் லாரன்ஸ், அவர் மகன் அகஸ்டின், அகஸ்டினின் மகன் 1732-இல் பிறந்த ஜார்ஜ்.

இது வெறும் குடும்பக் கதையா? எப்படி உறுதிப்படுத்தினார்கள்?

கேட்க வேண்டிய கேள்வி. இதற்கு ஒரு நூற்றாண்டு ஆனது, நடுவில் பெரிய பிழையும் நேர்ந்தது.

1790-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் தலைமை மரபுச்சின்ன அதிகாரி சர் ஐசக் ஹெர்ட், ஜார்ஜ் வாஷிங்டனுக்கே எழுதி அவருடைய வம்சத்தைக் கேட்டார். ஜார்ஜ் தனக்குத் தெரிந்ததைச் சொல்லி, இதில் தான் அதிகம் கவனம் செலுத்தியதில்லை என்றும் எழுதினார். வர்ஜீனியாவுக்குப் போனவர்கள் ஜான், லாரன்ஸ் என்ற அண்ணன் தம்பி. சல்கிரேவ் வம்சத்தில் ஜான், லாரன்ஸ் என்ற அண்ணன் தம்பியை ஹெர்ட் கண்டார். இருவரும் இவர்களே என்று பொருத்திவிட்டார். பின்னால் வந்தவர்கள் பல பத்தாண்டுகள் அதையே படியெடுத்தார்கள்.

1866-இல் ஜோசப் லெமுயல் செஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதை உடைத்தார். ஹெர்ட் பிடித்த ஜான் 'சர்' பட்டம் பெற்றவர். வர்ஜீனியா ஜானோ எந்த ஆவணத்திலும் 'சர்' என்று வருவதில்லை. மனைவியர் பெயரும் பொருந்தவில்லை. ஹெர்ட் பிடித்த லாரன்ஸ் ஒரு பாதிரியார், கடல் கடந்த லாரன்ஸ் வணிகர். ஆக, பழைய இணைப்பு போனது. ஆனால் சரியான இணைப்பு கையில் இல்லை.

1889-இல் ஹென்றி வாட்டர்ஸ் அதைக் கண்டுபிடித்தார். லண்டனின் உயில் ஆவணங்களில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் டிரிங் ஊர்க்காரர் ஆண்ட்ரூ நோலிங்கின் 1650-ஆம் ஆண்டு உயில் கிடைத்தது. அவர் தன் ஞானமகன் லாரன்ஸ் வாஷிங்டனுக்கு நிலத்தை எழுதி, அவனுடைய உடன்பிறந்தார் ஜான், வில்லியம், எலிசபெத், மார்கரெட், மார்த்தா ஆகியோருக்குப் பணம் ஒதுக்கியிருந்தார். அடுத்து, பாதிரியார் லாரன்ஸின் மனைவி ஆம்ஃபிலிஸ் இறந்தபின் அவர் சொத்தை நிர்வகிக்க மகன் ஜானுக்கு 1656 தொடக்கத்தில் அளித்த அனுமதி. அதே ஆண்டில் ஜான் கப்பலேறுகிறார். வர்ஜீனியாவில் இறந்த தங்கை மார்த்தாவின் 1697 உயிலில் இங்கிலாந்திலுள்ள அக்கா எலிசபெத்தும் சகோதரி மார்கரெட்டும் பெயரோடு வருகிறார்கள். உடன்பிறந்தோர் பட்டியல் அட்லாண்டிக்கின் இரு கரையிலும் ஒத்துப்போனது.

ஹெர்ட் கண்ட ஜானும் லாரன்ஸும் உண்மையில் கடல் கடந்தவர்களின் பெரியப்பாவும் அப்பாவும். ஒரு தலைமுறை பிசகியிருந்தது. ஒரே பெயர் இருவருக்கு இருந்தால் சான்றாகாது; உடன்பிறந்தோர் ஐந்தாறு பேர் ஒரே வரிசையில் பொருந்தினால் அது சான்று. இந்த வம்சத்தில் லாரன்ஸ் என்ற பெயர் தலைமுறைக்குத் தலைமுறை வருகிறது: சல்கிரேவை வாங்கியவர், அவர் பேரன், கொள்ளுப்பேரன், கடல் கடந்தவர், ஜார்ஜின் தாத்தா, ஜார்ஜின் அண்ணன். இத்தனை லாரன்ஸ் நடுவே பிறந்த ஆண்டும் மனைவி பெயரும் இல்லாமல் ஒருவரையும் அடையாளம் சொல்ல முடியாது.

இங்கிலாந்தில் வேறு வாஷிங்டன் உண்டா?

உண்டு. தெற்கே மேற்கு சசெக்ஸிலும் ஒரு வாஷிங்டன் கிராமம் இருக்கிறது. அதன் பெயரும் வாஸ்ஸா என்ற பெயரிலிருந்தே வந்தது. 10-ஆம் நூற்றாண்டு சாசனத்தில் அது 'வெஸ்ஸிங்கதூன்'. 'வாஸ்ஸாவின் ஆட்களுடைய பண்ணை' என்று பொருள் கொள்கிறார்கள். இரு வாஸ்ஸாவும் ஒருவரல்ல, இரு ஊருக்கும் தொடர்பில்லை. சசெக்ஸ், சர்ரே பக்கம் பழைய வாஷிங்டன் ஒருவரைக் கண்டால் டர்ஹம் மரத்தில் கொண்டுபோய் ஒட்டாதீர்கள்.

டர்பிஷயரில் வெஸிங்டன் என்று ஓர் ஊர் உண்டு. இன்றைய ஒலி நம் குடும்பத்தின் பழைய எழுத்துக்கூட்டலேதான். ஆனால் அது 'விக்ஸ்டான்' என்பவரின் பண்ணை. 1086-ஆம் ஆண்டு நாடு தழுவிய நிலக்கணக்கில் 'விஸ்டானெஸ்தூனே' என்று வருகிறது. இது மூன்றாவது, முற்றிலும் வேறான வேர்.

அமெரிக்கக் கொடி வாஷிங்டன் குடும்பச் சின்னத்திலிருந்து வந்ததா?

குடும்பச் சின்னம் வெள்ளைப் பின்னணியில் இரண்டு சிவப்புக் கிடைப்பட்டைகள், மேலே மூன்று சிவப்பு நட்சத்திரங்கள். சல்கிரேவ் வீட்டு முன்வாசலில் செதுக்கியிருக்கிறார்கள். வார்டன் தேவாலயக் கோபுரத்தில் இருந்த கல்லிலும் காணலாம். தேய்ந்துபோவதால் அந்தக் கல்லை உள்ளே வைத்துவிட்டார்கள். செல்பி மடத்துத் தேவாலயத்தின் கண்ணாடி ஜன்னலிலும் அது இருக்கிறது.

வாஷிங்டன் டி.சி. நகரக் கொடி இதிலிருந்துதான் வந்தது, 1938-இல் ஏற்றார்கள். அமெரிக்க தேசியக் கொடியைப் பற்றிச் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. 1777 ஜூன் 14-ஆம் தேதித் தீர்மானம் பட்டைகளும் நட்சத்திரங்களும் எத்தனை, என்ன நிறம் என்றுதான் சொல்கிறது, எதைப் பார்த்து வரைந்தது என்று சொல்வதில்லை.

இதோடு சேர்த்து ஓர் எச்சரிக்கை. உங்கள் சர்நேமுக்கு உரிய சின்னம் என்று அச்சடித்து விற்பதை வாங்காதீர்கள். இங்கிலாந்துச் சட்டப்படி சின்னம் ஒரு தனி மனிதருக்கும் அவர் நேர் வாரிசுகளுக்கும் உரியது. ஒரே சர்நேம் இருப்பதால் யாருக்கும் அதில் உரிமை வராது.

இன்று வாஷிங்டன்களில் பெரும்பாலோர் கறுப்பின அமெரிக்கர்கள். ஏன்?

2000-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தப் பெயரோடு 1,63,036 பேர் இருந்தார்கள். அவர்களில் சுமார் 90 விழுக்காடு கறுப்பினத்தவர். பரவலான சர்நேம்களில் வேறு எதிலும் இவ்வளவு உயர்ந்த விகிதம் இல்லை. பிறந்த இங்கிலாந்தில் அரிதான பெயர் அமெரிக்காவில் கறுப்பின மக்களின் பெயராகவே ஆகிவிட்டது.

இவர்களெல்லாம் ஜார்ஜ் வாஷிங்டனின் அடிமைகளுடைய சந்ததி என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு அதற்கு இடம் தரவில்லை. 1799-இல் அவருடைய மவுண்ட் வெர்னன் பண்ணையில் அடிமைப்படுத்தப்பட்டிருந்தவர்கள் 317 பேர். அவர்களில் 123 பேர் அவருக்கு உரியவர்கள். 153 பேர் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் சொத்திலிருந்து வந்தவர்கள். மீதிப் பேர் பிற பண்ணைக்காரர்களிடமிருந்து வாடகைக்கு எடுக்கப்பட்டவர்கள். தனக்கு உரியவர்களை மட்டும் அவர் உயிலில் விடுவித்தார். மார்த்தா தன் மரணம் வரை காத்திருக்காமல் 1801 ஜனவரி 1-இல் அதை நிறைவேற்றினார். உடனடி விடுதலை பெற்ற ஒரே ஆள், ஜார்ஜின் உதவியாளர், வில்லியம் லீ என்ற பெயரோடுதான் வாழ்ந்தார். அடிமைப்படுத்தப்பட்டவர்கள் எஜமானர் பெயரைத் தாங்கியே ஆகவேண்டும் என்பது இல்லை. பலருக்கு முந்தைய எஜமானரின் பெயர், சிலருக்குத் தாமே வைத்துக்கொண்டு தங்களுக்குள் புழங்கிய பெயர்.

பெருக்கம் 1865-க்குப் பிறகு. விடுதலையான சுமார் 40 லட்சம் பேர் பள்ளியிலும் சம்பளப் புத்தகத்திலும் திருமணப் பதிவிலும் வாக்காளர் பட்டியலிலும் ஒரு முழுப்பெயர் சொல்ல வேண்டி வந்தது. இந்தப் பெயர் வந்து சேர்ந்த வழிகள் பல. வாஷிங்டன் குடும்பத்தின் பல கிளைகள் வர்ஜீனியாவிலும் தெற்கிலும் அடிமைகளை வைத்திருந்தன, அவர்கள் வழி வந்தது ஒன்று. மதிப்புள்ள, முழுக் குடிமகனுடைய பெயர் என்று விரும்பித் தேர்ந்தது இன்னொன்று. பலர் கவனிக்கத் தவறுவது மூன்றாவது: வாஷிங்டன் அன்று முதற்பெயராகவும் வைக்கப்பட்டது. தந்தையின் முதற்பெயரைப் பிள்ளைகள் சர்நேமாக எடுத்துக்கொண்டார்கள்.

கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் இதற்கு நேர்ச் சான்று. பள்ளியில் பெயரைக் கேட்டபோது மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர் இருப்பதைக் கவனித்த அவர், 'புக்கர் வாஷிங்டன்' என்று தாமே சொல்லிக்கொண்டார். அவருடைய மாற்றாந்தந்தையின் பெயர் வாஷிங்டன் ஃபெர்குசன். பெயரே மறுக்கப்பட்டிருந்த ஒரு சிறுவன் ஒரு நொடியில் தனக்கென்று எடுத்துக்கொண்ட உரிமை அது. இந்தப் பெயரின் நீண்ட வரலாற்றில் டர்ஹம் பிரபுவின் நிலமாற்றைவிடப் பெரிய நிகழ்வு இதுதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

மேடைப் பெயராகவும் இது வந்ததுண்டு. பாடகி டைனா வாஷிங்டன் பிறந்தபோது ரூத் ஜோன்ஸ்.

அமெரிக்கா தாண்டி எங்கே போனது?

சியரா லியோனுக்கு. ஹாரி வாஷிங்டன் காம்பியா ஆற்றுப் பகுதியில் பிறந்து, பிடிபட்டு, மவுண்ட் வெர்னனில் குதிரைகளைப் பராமரித்தவர். 1776-இல் தப்பித்து, எஜமானரையே எதிர்த்துப் போரிட்ட பிரிட்டிஷ் படையில் சேர்ந்தார். போர் முடிந்ததும் 1783-இல் நோவா ஸ்கோஷியாவுக்கும், 1792-இல் ஃப்ரீடவுனுக்கும் போனார். வரிக்கு எதிராக 1800-இல் எழுந்த கிளர்ச்சியில் பங்கெடுத்ததற்காக அங்கிருந்தும் நாடுகடத்தப்பட்டார். ஜார்ஜின் சர்நேம் ஆப்பிரிக்க மண்ணுக்கு அவரிடமிருந்து தப்பியவர் வழியே போனது.

இங்கிலாந்து வாஷிங்டன் ஒருவரின் வம்சத்தை எப்படித் தேடுவது?

எப்போதும் இன்றிலிருந்து பின்னோக்கி. ஜார்ஜிலிருந்து தொடங்கி உங்களை நோக்கி இறங்கினால் வழி தவறுவது உறுதி.

முதலில் சிவில் பதிவு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு 1837 ஜூலை 1-இல் தொடங்குகிறது. தலைமைப் பதிவகத்தின் இணைய அட்டவணை இலவசம், பிறப்புகளுக்குத் தாயின் பிறந்தவீட்டுப் பெயரை 1837-இலிருந்தே தருகிறது. பழைய அச்சு அட்டவணையில் அது 1911-க்குப் பிறகுதான் வரும். ஒரே பெயரில் இரண்டு குழந்தைகள் இருந்தால் தாய்வீட்டுப் பெயர்தான் பிரித்துக் காட்டும். உறுதியானபின் சான்றிதழை வரவழையுங்கள்.

அடுத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1841 முதல் 1921 வரை பத்தாண்டுக்கு ஒன்று பார்க்கலாம். 1931-இன் தாள்கள் 1942-இல் தீயில் எரிந்தன, 1941-இல் எடுக்கவே இல்லை. நடுவே போர்க்காலத்தில் எடுத்த 1939 பதிவேடுதான் துணை. 1841-இல் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்தே பெரும்பாலும் எழுதினார்கள். 39 வயது 35 ஆகியிருக்கும். பிறந்த ஊரும் இராது, அதே கவுண்டியா இல்லையா என்பது மட்டுமே. 1851 முதல் பிறந்த ஊர் வருகிறது. அந்த ஊர்ப் பெயர்தான் அடுத்த படிக்குச் சாவி.

1837-க்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகள். 1538-இல் ஆணையிட்டார்கள், ஆனால் பல ஊர்களில் முதல் பக்கங்கள் பிந்தியே தொடங்கும். 1642 முதல் 1660 வரை, உள்நாட்டுப் போரும் மன்னரில்லாத ஆட்சியும் நடந்த காலத்தில், இடைவெளிகள் மிகுதி. பாதிரியார் லாரன்ஸின் பிள்ளைகளைத் தேடியவர்களை மிகவும் வாட்டியது இந்தக் காலம்தான். ஆகவே பதிவேடு தோற்கும் இடத்தில் உயிலுக்குப் போங்கள். 1858 ஜனவரிக்கு முந்தைய உயில்கள் தேவாலய நீதிமன்றங்களில் இருக்கும். கேன்டர்பரி நீதிமன்றத்தின் உயில்கள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

கறுப்பின வாஷிங்டன் குடும்பத்தைத் தேடினால்?

1870 கணக்கெடுப்புதான் முதல் சுவர். விடுதலையானவர்களைப் பெயரோடு எழுதிய முதல் நாடு தழுவிய கணக்கு அது. 1850, 1860 அடிமை அட்டவணைகளில் எஜமானர் பெயர் உண்டு. மனிதர்களுக்கு வயது, பால், நிறம் மட்டும்.

சுவரைத் தாண்ட நான்கு இடங்கள் கைகொடுக்கும். விடுதலை பெற்றவர்களுக்கான அரசுப் பணியகத்தின் 1865–1872 ஒப்பந்தங்களும் திருமணப் பதிவுகளும். விடுதலை பெற்றவர்களுக்கான சேமிப்பு வங்கியின் 1865–1874 கணக்குப் புத்தகங்கள். கணக்குத் தொடங்கியவரின் பெற்றோர், உடன்பிறந்தார், சில வேளை முன்னாள் எஜமானரும் எழுதப்பட்டிருப்பார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட கறுப்பினப் படைவீரர்களின் ஓய்வூதியக் கோப்புகள். விதவையின் சாட்சியங்களே ஒரு குடும்ப வரலாறு. தென்மாநிலங்களின் 1867 வாக்காளர் பதிவேடுகள்.

நடக்கும் பெரிய தவறு: 1870-இல் வாஷிங்டன் என்று கண்டதும் அதே கவுண்டியில் வாஷிங்டன் என்ற எஜமானரைத் தேடுவது. சர்நேம் எஜமானருடையது என்று முடிவு கட்டாமல், 1870-இல் பக்கத்து வீடுகளில் இருந்தவர்களையும், அருகே சொத்துப் பட்டியலில் மனிதர்களை எழுதி வைத்த எல்லாக் குடும்பங்களையும் பாருங்கள்.

தேடலில் வழக்கமாக எது சொதப்பும்?

எழுத்துக்கூட்டல் முதலில். வெஸிங்டன், வாஸிங்டன், வெஷிங்டன் என எல்லா ஒலிவடிவங்களையும் ரோமன் எழுத்தில் மாற்றி மாற்றித் தேடுங்கள். தேடுதளத்தில் நட்சத்திரக் குறி போடும் வசதி இருந்தால் நடு எழுத்துகளை விட்டுவிடுங்கள். பழைய அச்சில் 'எஸ்' எழுத்து நீண்டு 'எஃப்' போலத் தோன்றும். கணினி அதை அப்படியே படித்து 'வாஃபிங்டன்' ஆக்கியிருக்கும்.

முதற்பெயர்ப் பிரச்சினையும் உண்டு. வாஷிங்டன் இர்விங், புரூக்ளின் பாலத்தைக் கட்டி முடித்த வாஷிங்டன் ரோப்ளிங் போன்ற முதற்பெயர்கள் 1780-களுக்குப் பின் பெருகின. அட்டவணை தயாரித்தவர் இரு பெயரையும் இடம் மாற்றியிருந்தால் உங்கள் ஆள் அங்கே காணாமல் போவார். தலைகீழாகவும் ஒருமுறை தேடுங்கள்.

பிறகு நாள்காட்டி. இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் 1752-க்கு முன் ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. ஜனவரி, பிப்ரவரி தேதிகள் முந்தைய ஆண்டிலேயே கிடக்கும். ஜார்ஜ் பிறந்த நாள் பழைய கணக்கில் 1731 பிப்ரவரி 11, புதிய கணக்கில் 1732 பிப்ரவரி 22. உயில் எழுதிய நாளுக்கு முன்பே அது நிறைவேறியதாகத் தோன்றினால் இதைத்தான் முதலில் சந்தேகியுங்கள்.

டி.என்.ஏ. சோதனை உதவுமா?

ஓரளவு. சர்நேம் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்குவது போல ஒய் குரோமோசோமும் இறங்குகிறது. ஆகவே சர்நேம் உள்ள இரு ஆண்கள் ஒரே ஆண்வழியா என்று ஒய் சோதனை சொல்லும். பெண்கள் இதைச் செய்ய முடியாது, அப்பாவோ சகோதரரோ கொடுக்க வேண்டும். நடுவில் ஒரு தத்தோ பெயர் மாற்றமோ இருந்தால் குரோமோசோம் ஒரு வழியும் பெயர் ஒரு வழியும் போயிருக்கும். கறுப்பினக் குடும்பங்களில் ஐரோப்பிய ஒய் வருவதும் உண்டு. அது அடிமை முறையின் வன்முறையைக் காட்டும் தடயம், அதிலிருந்து எஜமானரின் சர்நேமை ஊகிக்க முடியாது. ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் பிள்ளை இல்லை, அவர் நேர்வாரிசு என்று யாரும் நிரூபிக்க வழியில்லை.

வாஷிங்டன் சுந்தருக்கும் இந்த வம்சத்துக்கும் தொடர்பு உண்டா?

ரத்தத் தொடர்பு கிடையாது. சென்னைக் கிரிக்கெட் வீரருக்கு வாஷிங்டன் முதற்பெயர். சுந்தர் என்பது தந்தையின் பெயர். தந்தை இளம் வயதில் கிரிக்கெட் ஆட உதவிய, வாஷிங்டன் என்ற பெயருடைய முன்னாள் ராணுவ வீரரின் நினைவாக மகனுக்கு 1999-இல் அந்தப் பெயரை வைத்தார். வெளிநாட்டு அட்டவணைகள் சில இவரைச் 'சுந்தர்' குடும்பத்தில் வைக்கின்றன. முதற்பெயரும் தந்தைப் பெயரும் சர்நேமும் கலந்துபோனால் என்னாகும் என்று மேலே பார்த்தோமே, அதே குழப்பம்.

நேரில் பார்க்கப் போகலாமா?

டர்ஹம் பகுதி வாஷிங்டனில் உள்ள 'ஓல்ட் ஹால்' நேஷனல் டிரஸ்ட் வசம் இருக்கிறது. பெரும்பகுதி 17-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், அதில் பழைய மாளிகையின் கற்களும் கலந்திருக்கின்றன. 1930-களில் இடிக்கப்போன வீட்டை உள்ளூர்க்காரர்கள் தடுத்தார்கள். 1955-இல் அமெரிக்கத் தூதர் திறந்து வைத்தார். சல்கிரேவ் வீட்டை அமெரிக்க–பிரிட்டிஷ் நட்பின் நினைவாக வாங்கிச் சீராக்கி 1921-இல் திறந்தார்கள். இரண்டிலும் பார்வை நாட்கள் பருவத்துக்கேற்ப மாறும், போகுமுன் அவர்கள் தளத்தில் சரிபாருங்கள். ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருந்தால் சல்கிரேவுக்குப் போங்கள். கம்பளி வணிகர் கட்டிய முன்வாசலும் அதன் சின்னமும் அங்கே இருக்கின்றன.